வீஸ்டார்: வட்டு சூழ்ந்த விண்மீன்களைப் பின்தொடர ஒரு மென்பொருள்

அனுஷத்தின் நடு விண்மீனான டெல்டா ஸ்கார்ப்பி 2000 ஜூன் வரை ஏறக்குறைய 2.3 பொலிவெண்ணில் இருந்தது (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அது பிரகாசமாவதை அர்ஜென்டினாவின் விண்மீன் நோக்கர் செபாஸ்டியன் ஒட்டெரோ கவனித்தார்; பின்னர் 1.6 வரை ஏறியது. வேகமாகச் சுழலும் இந்தச் சூடான விண்மீன் நடுக்கோட்டிலிருந்து வாயுவை உமிழ்ந்து தன்னைச் சுற்றி வட்டு அமைத்ததே காரணம். ஆண்டுக்கணக்கில் நீளும் இத்தகைய மாற்றங்களை ஆராய, ஏஏவிஎஸ்ஓ (அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம்) அமைப்பு இலவசமாகத் தரும் வீஸ்டார் அருமையான கருவி.

விண்மீனின் பெயரைக் கொடுத்தால் அமைப்பின் தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை அதுவே இறக்கிக்கொள்ளும். தேதி எல்லை வைக்காமல் முழுத் தரவையும் கேளுங்கள். இதே வகை விண்மீனான காமா காசியோப்பியா 1937 வாக்கில் 1.6ஐத் தொட்டு, 1940 வாக்கில் 3ஐ நெருங்கி மங்கியது. சில மாதத் துண்டை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்ட சரிவின் முழு உருவம் பிடிபடாது.

அடுத்தது சராசரிக் கோடு. கண்ணால் மதிப்பிட்ட பதிவுகள் 0.2, 0.3 அளவுக்குச் சிதறும். 20 முதல் 30 நாள் இடைவெளிக்குச் சராசரி எடுத்தால் வட்டின் மெதுவான வளர்ச்சி தெளிவாகும். 100 நாள் வைத்தால் சில வாரமே நீடிக்கும் வெடிப்புகள் கரைந்துவிடும். கண் மதிப்பீட்டையும் வி வடிகட்டி (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது) வழியே கருவியால் அளந்த பதிவையும் ஒரே தொடராகக் கலக்க வேண்டாம். ஒரே நோக்கரின் புள்ளிகள் தொடர்ந்து விலகி நின்றால், நோக்கர் குறியீட்டு வடிகட்டியால் பிரித்துப் பாருங்கள். அவர் டெல்டா ஸ்கார்ப்பியைக் கேட்டையோடு ஒப்பிட்டுப் பொலிவை மதிப்பிட்டிருக்கலாம். சிவந்த கேட்டையே மாறும் விண்மீன், ஒப்பீட்டுக்கு ஆகாது.

தரவில் திரும்பத் திரும்ப வரும் சுழற்சியைத் தேடும் ஃபூரியே பகுப்பாய்வில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ஆண்டு இறுதியில் சூரியன் டெல்டா ஸ்கார்ப்பி இருக்கும் விருச்சிகத்தைக் கடப்பதால் தரவில் இடைவெளி விழும். அதனால் ஓராண்டுப் போலிச் சுழற்சி முளைக்கும். முதலில் பல்லுறுப்புக் கோவை பொருத்தி நீண்ட போக்கை நீக்கிவிட்டு, எஞ்சியதில் சுழற்சி தேடுங்கள். சுழற்சியே காலப்போக்கில் மாறுகிறதா என்று அறிய அலைச்சிறுதுணுக்குப் பகுப்பாய்வும் உண்டு.

வீஸ்டாரில் பெரிய குறை, நிறமாலை இல்லாதது. வட்டை ஏறக்குறைய மேலிருந்து பார்த்தால் அது வளரும்போது பிரகாசம் கூடும். பக்கவாட்டில் பார்த்தால் விண்மீனை மறைத்து மங்கச் செய்யும். கார்த்திகைக் கூட்டத்தின் பிளையோனி இரண்டாம் வகை. ஒளிவரைபடத்தை மட்டும் வைத்து வட்டு வளர்கிறதா, கலைகிறதா என்று முடிவுகட்டக் கூடாது. பாரிஸ் வானாய்வகத்தின் பெஸ் தரவுத்தளத்தில் (இவ்வகை விண்மீன்களின் நிறமாலைத் தொகுப்பு) அதே மாதங்களின் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை, அதாவது வட்டின் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு நிறமாலைக் கோட்டை, பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

வீஸ்டார் ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்டதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.