கோணச் சோடிக் கணக்கு: சமன்பாடா, பங்கு போடுவதா?

இரண்டு மிகை நிரப்புக் கோணங்கள், அதாவது கூட்டினால் 180° வருபவை. ஒன்று, மற்றதன் இரு மடங்கைவிட 30° குறைவு. இரண்டும் எவ்வளவு?

பள்ளிப் பிள்ளைகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்கும் பழக்கமான வகைக் கணக்கு இது. சமன்பாட்டு வழியில் ஒரு கோணத்தை அ என்று வைத்தால் மற்றது 2அ − 30. கூட்டுத்தொகை 180. 3அ = 210, அ = 70. ஆக 70°, 110°. நிரப்புக் கோணங்கள் என்றால் கூட்டுத்தொகை 90, மிகை நிரப்பு என்றால் 180 என்பதைத் தவிர மனப்பாடம் எதுவும் வேண்டாம். அ கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடும் பழக்கம் மட்டும்தான் ஆபத்து. கேட்டது 110 ஆக இருக்கலாம்.

பங்கு போடும் வழியில் எழுத்தே இல்லை. குறைகிற 30-ஐ முதலில் சேர்த்துக்கொள்கிறோம்: 210. அதில் மூன்று சம பங்கு, ஒரு பங்கு 70. மனதிலேயே முடிந்துவிடும். இதைக் குறுக்குவழி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஒரு கோணத்தின் மிகை நிரப்பு, அதன் நிரப்பைப் போல் நான்கு மடங்கு. சமன்பாட்டில் 180 − அ = 4(90 − அ) என்று எழுதி, அடைப்புக்குறியைப் பிரித்து, குறி மாறாமல் பார்த்துக் கடைசியில் 60 வரும். அந்த அடைப்புக்குறியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பங்கு வழியிலோ ஒன்றைக் கவனித்தால் போதும். எந்தக் குறுங்கோணத்துக்கும் மிகை நிரப்பு, நிரப்பைவிடச் சரியாக 90 அதிகம். நான்கு பங்குக்கும் ஒரு பங்குக்கும் வித்தியாசம் மூன்று பங்கு. மூன்று பங்கு 90, ஒரு பங்கு 30. நிரப்பு 30 என்றால் கோணம் 60. இங்கே கோணங்களுக்குள் இருக்கும் உறவு கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். அப்புறம் சமன்பாடு.

விடைகளைப் போட்டுப் பார்ப்பது மூன்றாவது வழி. குரூப் 4-இல் 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. அந்த அவசரத்தில் அது தப்பில்லை. ஆனால் நான்கு விடைகளும் கூட்டினால் 180 வரும்படியே கொடுத்திருந்தால், இரண்டாவது நிபந்தனையைத்தான் சோதிக்க வேண்டும். வீட்டில் பழகும்போது இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

வித்தியாசம் மட்டும் கொடுத்திருந்தால் யோசனையே தேவையில்லை. நிரப்புக் கோணங்களின் வித்தியாசம் 18 என்றால் 108-இல் பாதி 54, மற்றது 36.

சரி, இணைகோடுகளுக்கு வருவோம். அவற்றைக் குறுக்குவெட்டி, அதாவது குறுக்கே போகும் கோடு ஒன்று வெட்டினால் எட்டுக் கோணங்கள். ஒத்த கோணம், ஒன்றுவிட்ட உட்கோணம், குத்தெதிர்க் கோணம் என்று பெயர் சொல்லிப் போடுவது ஒரு வழி. எட்டிலும் இரண்டே அளவுதான், சிறியது ஒன்று, பெரியது ஒன்று என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டும் சிறியது, அல்லது இரண்டும் பெரியது என்றால் சமம். ஒன்று சிறியது, ஒன்று பெரியது என்றால் கூட்டுத்தொகை 180. குறுக்குவெட்டி செங்குத்தாக இருந்தால் எட்டுமே 90.

வேகத்தில் இரண்டாவதுதான் வெல்லும். ஆனால் 3அ + 10, 5அ − 30 என்று இரண்டு கோணங்கள் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கத்து உட்கோணங்கள்) என்றால் இரண்டும் சமம், அ = 20, கோணம் 70°. குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்கள் என்றால் அ = 25; கோணங்கள் 85°, 95°. இரண்டுமே முழு எண்ணாக, சரியான விடை போலவே வந்து நிற்கின்றன. கண்ணால் பார்த்து 85-ஐயும் 95-ஐயும் பிரிக்க முடியாது. கேள்வித்தாளில் படம் அளவுக்கு வரையப்பட்டிருக்கும் என்ற உறுதியும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் பெயர் சொல்லும் வழியையே நம்புவேன்: இரண்டு கோணங்களும் குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா என்று பென்சிலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமன்பாட்டை எழுத வேண்டும். அதற்கும் முன்னால், கோடுகள் இணை என்பதற்கான அம்புக்குறி படத்தில் இருக்கிறதா, அல்லது கேள்வியில் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்த இரண்டு வழியுமே செல்லாது.