முழங்கை வலியோடு திருச்சி போன கதை

லண்டனில் விமானம் ஏறும்போதே வலது முழங்கை வலி ஆறு மாதப் பழசு. பாத்திரத்தைத் தூக்கினால் வெளிப்பக்க எலும்பில் சுரீர் என்னும், அப்புறம் முன்கை வழியாகக் கட்டைவிரல் பின்பக்கம் வரை ஏதோ இழுக்கும். அங்கே பிசியோதெரபிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து அலுத்துப்போய், மூன்று வாரம் ஊரில்தானே இருக்கப்போகிறோம், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அம்மா கையைப் பார்த்ததுமே, "நரம்பு பிசகியிருக்கும், எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்றார்.

முதலில் போன இடத்தில் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கரண்ட் வைத்தார்கள். கையை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலு நாளில் நின்றுவிட்டேன், மீதிப் பணம் போனது போனதுதான்.

அடுத்தது தில்லைநகரில் ஒரு மாடி கிளினிக். முதல் தடவை 500 ரூபாய், முக்கால் மணி நேரம். பிசியோ ஓர் இளம்பெண். கை வலி என்று போனவளிடம் முதலில் கழுத்தைத் திருப்பச் சொல்லி, தலையை மெல்ல அமுக்கிப் பார்த்தார், கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் வலி கைக்கு இறங்குமாம். அது இல்லை. பிறகு "மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிங்கக்கா, நான் கீழே அழுத்துவேன்" என்று அழுத்தினார், வலியில் கத்திவிட்டேன். எலும்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, சதைக்குள் அழுத்தியபோது வேறு மாதிரி மந்தமான வலி. கடைசியாக, நரம்பை இழுத்துப் பார்க்க, தோளைக் கீழே அழுத்தி, கையை நீட்டி உள்பக்கம் திருப்பி, மணிக்கட்டை மடக்கியதும் அந்தப் பழைய இழுப்பு வந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் கூடியது, நேராக்கினால் குறைந்தது.

நம் வாயில் எல்லாமே நரம்புதான், ரத்தக்குழாயும், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணும்கூட. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை என்போம், குதிகால் நரம்பு இழுக்கிறது என்போம். என் கையில் இருந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு: எலும்போடு ஒட்டும் தசைநாண் நைந்தது முக்கியம், பக்கத்தில் போகும் ரேடியல் நரம்பு எரிச்சலடைந்தது கூடுதல். முதலாவதுக்குப் பேர் டென்னிஸ் எல்போ, நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

வைத்தியமும் இரண்டு விதம். நாணுக்குச் சுமை வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் மணிக்கட்டை மேலே ஏற்றிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லையாம். நரம்புக்கு நேர் எதிர், இழுத்துப் பிடிக்கவே கூடாது, மெல்ல முன்னும் பின்னும் ஓடவிட வேண்டும். ஸ்டீராய்டு ஊசி கேட்டேன். சில வாரம் சுகமாக இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள், ஆய்வே இருக்கிறது என்றார். முழங்கைப் பட்டையையும் இறுக்கிக் கட்ட வேண்டாம், நரம்பை அமுக்கும் என்றார்.

இது மூன்று வாரத்தில் முடிகிற வேலை இல்லை, மூன்று மாதமாவது ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், மீதியை வாட்ஸாப் வீடியோவில் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, 20 வரை காற்றடித்துக் கையில் கொடுத்து, வலி தொடங்கும்வரை பிழியச் சொல்வார். முதல் நாள் முள் 60இல் நின்றது, கிளம்பும் முந்தைய நாள் 110. பெட்டியை மட்டும் இடது கையால்தான் தூக்கினேன், அது அவர் உத்தரவு.