"பழசெண்டா அப்பிடித்தான்" எண்டு விக்கிற ஜாஸ் எல்பி, கவனம்

கிளிநொச்சியில எல்பி, அதுதான் அந்தப் பெரிய கறுப்பு இசைத்தட்டு, கேக்கிற ஆக்களை ஒரு கைவிரல் மடிச்சு எண்ணி முடிச்சிடலாம், அதிலயும் ஜாஸ் கேக்கிற விசரன் நான் ஒருத்தன்தான் எண்டு நினைக்கிறன். எண்டாலும் வவுனியாவில ரெண்டு பேர் இருக்கினம், முல்லைத்தீவில பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில இன்னும் கொஞ்சப்பேர், எல்லாரும் கடைசியில கொழும்பில இருக்கிற அதே நாலைஞ்சு ஆக்களிட்டத்தான் பேஸ்புக்கில படம் பாத்து வாங்கிறம், அதாலதான் இதை எழுதுறன். எனக்கு 24,500 ரூபா போச்சு.

மாசி மாசம் ஒருத்தர் (பேர் போடேல்ல, போட்டா வேற பேரில வருவார்) ஒரு படம் போட்டவர். கறுப்பு மட்டை, நீலத்தில ஒரு சாக்சபோன், கீழ "காணாமப்போன டேப் கிடைச்சாச்சு, ஜோன் கோல்ட்ரேன் 1961 லைவ், டபுள் எல்பி, 180 கிராம், சீல் உடைக்காதது, கடைசிக் கொப்பி" எண்டு எழுதியிருந்தது. எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிட்டுது. ஏனெண்டா 2023 ஆடியில உண்மையாவே அப்பிடி ஒண்டு வந்தது. 1961 ஆவணியில நியூயோர்க்கில வில்லேஜ் கேட் எண்ட கிளப்பில சாக்சபோன்காரர் கோல்ட்ரேனும் அவரோட ஊதின எரிக் டோல்ஃபியும் வாசிச்சதை, ரிச்சர்ட் அல்டர்சன் எண்ட சவுண்ட்காரர் கிளப்பின்ர புது சவுண்ட் சிஸ்டத்தைச் சோதிச்சுப் பாக்கிறதுக்காக ஒரே ஒரு மைக்கில பதிஞ்சவர், அந்த டேப் எங்கயோ துலைஞ்சு, கன வருசத்துக்குப் பிறகு நியூயோர்க் பொது நூலகத்துக்குள்ள கிடந்து ஆம்பிட்டது. நான் அதை யூரியூப்பில கேட்டுத் தேய்ச்சுப்போட்டன். எல்வின் ஜோன்சின்ர ட்ரம்ஸ் முன்னுக்கு வந்து முகத்தில அடிக்கும், மக்கோய் டைனரின்ர பியானோ பக்கத்து அறைக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும். ஒரு மைக் எண்டா கிட்ட நிக்கிறவன்தானே பெரிசாக் கேப்பான். அதை நான் குறையாச் சொல்லமாட்டன், அண்டைக்கு அந்த அறை இருந்த இருப்பு அது.

இவற்ற விளம்பரத்தில வில்லேஜ் கேட் எண்ட சொல்லே இல்லை. இப்ப திருப்பி வாசிக்கேக்கதான் அது கண்ணில படுது. காணாமப்போனது, 1961, கோல்ட்ரேன், மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சா என்னை மாதிரி ஆள் மிச்சத்தைத் தானே நிரப்பிப்போடுவான் எண்டு மனிசனுக்கு வடிவாத் தெரியும். பின்மட்டைப் படம் கேட்டனான், "பொலித்தீன் மேல லைட் அடிக்குது ப்ரோ, கிளியரா வராது" எண்டு சொல்லிப்போட்டார். நானும் ஓம் எண்டுபோட்டுக் காசைப் பாங்கில போட்டன். வெளியில ஓடர் பண்ணினா அனுப்புகூலி, சுங்கம் எண்டு இதைவிடக் கூட வரும், மலிவாக் கிடைச்சிட்டுது எண்டு மனிசிக்கு விளக்கம் வேற சொன்னனான்.

நைட் பஸ்ஸில போட்டு விட்டார். விடியப்புறம் நாலு மணிக்கு கரடிப்போக்குச் சந்தியில பனிக்குள்ள நிண்டு வாங்கினனான். கொண்டக்டர் பார்சலை எஞ்சினுக்கு மேல வச்சுக் கொண்டந்திருந்தார், சூட்டில தட்டு நெளிஞ்சிருக்கும் எண்டுதான் வட்டக்கச்சி போய்ச் சேருமட்டும் எனக்கு யோசினை. கடைசியில நெளியாம வந்தது ஒண்டுதான் அதில நல்லது.

இதுக்கிடையில ஒண்டு சொல்லோணும், இல்லாட்டி "உவருக்குப் பழைய ரெக்கோடிங் கேட்டுப் பழக்கமில்லை" எண்டு ஆரும் சண்டைக்கு வருவினம். தொண்ணூறுகளில வன்னியில கரண்ட் இல்லை, பட்டரிக்குத் தடை. சின்னமாமா சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில ரேடியோவைக் கொழுவி, என்னைப் பெடல் சுத்த விடுவார். இரவில வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா எண்ட அமெரிக்க ரேடியோவில வில்லிஸ் கொனோவர் எண்டவர் ஜாஸ் போடுவார், 1955 தொடங்கி 1996இல சாகுமட்டும் போட்ட மனிசன், அரைகுறை இங்கிலிஸ் தெரிஞ்சவைக்கும் விளங்கிற மாதிரி அடித்தொண்டையில ஆறுதலாக் கதைப்பார். இடையில வேற பாசைக்காரன்ர ஸ்டேசன் வந்து மேல ஏறும், நான் களைச்சு மிதியை விட்டா ட்ரம்பெட் அப்பிடியே செத்துப்போகும். கசெட் எண்டா இன்னும் பகிடி, மெதுவாச் சுத்தினா பாட்டுக்காரனுக்கு நித்திரை வரும், கெதியாச் சுத்தினா கீச்சிடுவான். அந்தக் காதோட வளந்தவன் நான். எனக்கு இரைச்சல் ஒரு பிரச்சினையே இல்லை, இரைச்சலுக்குள்ள ஆள் இருக்கோணும், அவ்வளவுதான்.

முதல் பக்கத்தைப் போட்டன். ஊசி இறங்கி அரை நிமிசத்தில ஒரு மாதிரிப் பட்டுது, அடியில ஓடவேண்டிய "ஸ்ஸ்" எண்ட டேப் சத்தத்தைக் காணேல்ல. லைவ் எண்டா கிளாஸ் தட்டுப்படும், ஆரும் செருமுவினம், கதிரை அரையும். இதில சாக்ஸ் நிண்ட உடன கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி ஒரு அமைதி, திருப்பி ஊதத் தொடங்க இரைச்சலும் அவரோட சேர்ந்து எழும்பி வருது. இரைச்சலை எடுக்கிறம் எண்டு கொம்பியூட்டரில போட்டு வழிச்சுத் துடைச்சா அறையும் சேர்ந்து துடைபட்டுப்போகும், அதைத்தான் செய்திருக்கினம். சிம்பல் அடிக்கிற இடமெல்லாம் தண்ணிக்குள்ள சலங்கை குலுக்கின மாதிரி ஒரு சளசளப்பு. டேப் பழுதானா சத்தம் மங்கும், நடுங்கும், இடைக்கிடை விழுந்து எழும்பும், இப்பிடித் தண்ணிக்குள்ள போகாது. இது எம்பிதிரி, அதுதான் கொம்பியூட்டரில சுருக்கின பாட்டின்ர சத்தம். முந்தி நோக்கியாப் போனில நல்லாச் சுருக்கிப் பாட்டு ஏத்திக் கேட்ட ஆக்களுக்கு உடன பிடிபடும்.

எண்டாலும் முதல்ல என்ர பிளேயரைத்தான் சந்தேகப்பட்டன். அக்கான்ர மகன் ரொரன்ரோவில இருந்து கொண்டந்து தந்தது. (கனடாவில இருந்து பிளேயர் கொண்டுவாற ஆக்கள் இதையும் பாருங்கோ, அங்கத்தக் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், நேரா ஏசி கரண்டில ஓடுற பழைய மோட்டர் எண்டா டிரான்ஸ்ஃபோமர் போட்டு வோல்ட்டைச் சரிக்கட்டினாலும் இஞ்சத்த 50 ஹேர்ட்ஸில ஆறில ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும். என்ரது அடப்டரில ஓடுற டிசி மோட்டர், அந்த வில்லங்கம் இல்லை.) போனைத் தட்டில வச்சு ஒரு அப்பில பாத்தன், 33.3 காட்டுது. வேற மூண்டு எல்பி போட்டுப் பாத்தன், அதில ஒண்டு கீறல் விழுந்த பழைய தமிழ்ப் படப்பாட்டுத் தட்டு, அதுகூட மணியாப் பாடுது.

உண்மையான பிடி மூண்டாம் பக்கத்திலதான் ஆம்பிட்டது, அதுவும் மகள் பிடிச்சவள். ஓஎல் படிக்கிறாள், மேசையில இருந்து கணக்குச் செய்துகொண்டு தலை நிமித்தாமலே, "அப்பா, உந்த விசிலடிக்கிற மனிசன் எல்லாப் பாட்டுக்கும் ரெண்டுதரம் அடிச்சுப்போட்டு ஒருக்கா இருமுறார்" எண்டாள். எனக்குத் தலையில குட்டின மாதிரி இருந்தது. திருப்பி முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு பாட்டின்ர முடிவையும் போட்டுப் பாத்தன். விசில், விசில், இருமல், சத்தம் குறையுது. அடுத்த பாட்டு. விசில், விசில், இருமல். அந்த மனிசன் நாலு பக்கத்திலயும் ஏழுதரம் இருமினவர். ஒரு இடத்துக் கைதட்டலை வெட்டி எல்லாப் பாட்டுக்கும் வாலா ஒட்டியிருக்கினம், அப்ப பாட்டுகளே ஒரே கச்சேரியோ வேற வேற கச்சேரியோ எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதுக்குப் பிறகு நித்திரை இல்லை. லப்டொப்பில கொழுவி ஓடாசிட்டி எண்ட சத்தம் பதியிற சொஃப்ட்வெயாரில பதிஞ்சு பாத்தன், அது இலவசம், ஆரும் செய்யலாம். சத்தத்தின்ர படத்தை (கீழ அடிச்சத்தம், மேல கீச்சுச் சத்தம்) விரிச்சுப் பாத்தா 16,000 ஹேர்ட்ஸில கத்தியால வெட்டின மாதிரி நிக்குது, அதுக்கு மேல ஊசி தட்டில உரஞ்சுற சத்தம் மட்டும் மெல்லிசா. டேப்பில இருந்து நேரா எடுத்தா மேல போகப்போக மெதுவாக் கரைஞ்சு போகும், மதில் கட்டின மாதிரி நிக்காது. பிறகு கிட்டார் ரியூன் பண்ணுற அப்பை வச்சுப் பாத்தன், எனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்டு அரைச் சுரத்துக்குக் கிட்ட மேல நிக்குது, அப்பிடியெண்டா ஓடவேண்டிய வேகத்தைவிட நூறுக்கு ஆறளவு கெதியா ஓடுது. சின்னமாமா பெடல் சுத்தியிருந்தாக்கூட இதைவிடச் சரியாச் சுத்தியிருப்பார். ரெண்டாவது தட்டில ஓட்டை நடுவில இல்லை, ஊசிக்கை வெறிகாரன் மாதிரி அங்கயும் இஞ்சயும் ஆடுது, 1.8 செக்கனுக்கு ஒருக்கா பியானோ அழுது. ஒரு பக்கம் 29 நிமிசம் ஓடுது, எல்பியில 20, 22 நிமிசத்துக்கு மேல திணிச்சா சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்டலாம், கேக்கிறவன் வொலியூமைக் கூட்ட உரஞ்சுற சத்தமும் சேர்ந்து கூடும். 180 கிராம் எண்டது தட்டின்ர பாரம் மட்டுந்தான். சாக்குப் பாரமா இருக்கெண்டு உள்ள இருக்கிறது நெல்லோ பதரோ எண்டு ஆரும் சொல்லுவினமோ.

அவருக்கு வட்ஸ்அப்பில எழுதினன். மரியாதையாத்தான் எழுதினன். "ப்ரோ, அறுபது வருச பழைய லைவ் ரெக்கோர்டிங், பழசுன்னா அப்படிதான் இருக்கும், அதுதான் விண்டேஜ் சவுண்ட்" எண்டு பதில். எனக்கு வந்த கோவத்தில ஒரு நீட்டு மெசேஜ் எழுதினன், அதில சொன்னதை இதிலயும் சொல்லுறன். 1957 கார்த்திகையில பியானோக்காரர் தெலோனியஸ் மங்கும் கோல்ட்ரேனும் கார்னெகி ஹோலில வாசிச்சதை அதே வொய்ஸ் ஒஃப் அமெரிக்காக்காரர்தான் பதிஞ்சவை, டேப் 2005இலதான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில கிடைச்சது, கேட்டுப் பாருங்கோ, பியானோக் கட்டையில விரல் படுறது தெரியும், அது இதைவிட நாலு வருசம் பழசு. 1968 ஐப்பசியில மங்க் கலிஃபோர்னியாவில பாலோ ஆல்ட்டோவில ஒரு பள்ளிக்கூட ஹோலில வாசிச்சவர், அங்க துப்பரவு வேலை செய்த ஒருத்தர் "நான் பியானோவை ரியூன் பண்ணித்தாறன், என்னைப் பதிய விடுங்கோ" எண்டு கேட்டுப் பதிஞ்சது 2020இல வந்தது. அதுவும் பழசுதான், அதுக்குள்ள உயிர் இருக்கு. சரி, உண்மையிலயே மோசமாக் கேக்கிறதும் இருக்கு. டீன் பெனடெற்றி எண்டவர் 1947, 48இல சாக்சபோன்காரர் சார்லி பார்க்கருக்குப் பின்னால மெசினைக் காவிக்கொண்டு திரிஞ்சு, பார்க்கர் ஊதுற இடத்தை மட்டும் பதிஞ்சு மற்ற ஆள் வாசிக்க நிப்பாட்டிப்போடுவார், அது 1990இல பெட்டியா வந்தது, கரகரவெண்டு துண்டு துண்டாக் கேக்கும், ஆனா இன்னது இப்பிடித்தான் எண்டு சொல்லித்தான் வித்தவை. ஒருத்தரும் அதுக்கு விசில் ஒட்டேல்ல.

ரெண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. ரெண்டு நாள் கழிச்சு "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல ப்ரோ" எண்டு ஒரு வரி. சீல் உடைக்காம எல்பியை எப்பிடியப்பா கேக்கிறது? பிறகு புளொக். கையில பில்லும் இல்லை, பாங்க் சிலிப்பும் ஸ்கிரீன்சொட்டும்தான்.

இது எப்பிடி வருது எண்டு தேடிப் பாத்தன். 1961 கார்த்திகையில கோல்ட்ரேன் டோல்ஃபியோட ஐரோப்பாவில சுத்தினவர், கன கச்சேரியை அங்கத்த ரேடியோக்காரர் பதிஞ்சவை. அப்பிடி ஒலிபரப்பினதை ஆரும் வீட்டில பிடிச்சு, அது கசெட்டில இருந்து கசெட்டுக்குப் போய், ஒவ்வொரு கைக்கும் மேல்சத்தம் கொஞ்சம் தேஞ்சு இரைச்சல் கொஞ்சம் ஏறி, ஒருத்தன் அதை எம்பிதிரியாக்கி ஏத்த, இன்னொருத்தன் அதை இறக்கித் தட்டில அடிக்கிறது. ஐரோப்பாவில 1962 முடியமட்டும் வெளிவந்த ரெக்கோட்டுகளுக்கு உரிமைக்காலம் முடிஞ்சிட்டுது, அந்தப் பழைய பொருளுக்குள்ள இதையும் கலந்து விட்டா ஆர் பிரிச்சுப் பாக்கிறது. பின்மட்டையில பாத்தன், டேப் எங்க இருந்து எடுத்தது எண்டு ஒரு சொல் இல்லை, மாஸ்டரிங், அதுதான் தட்டு வெட்டமுன்னம் சத்தத்தைச் சரிக்கட்டுறது, செய்தவற்ற பேர் இல்லை, எந்த ஊர் ஹோல், என்ன திகதி எண்டுகூட இல்லை, "ரேடியோ ஒலிபரப்பு" எண்டு மட்டும் எறும்பு எழுத்தில. தட்டின்ர நடுவில பாட்டு முடிஞ்ச பிறகு வாற வெறும் இடத்தில வெட்டினவர் தன்ர எழுத்தைக் கீறி விடுறது வழமை, இதில ஒரு நம்பர் மட்டும் கிடக்கு. ஒழுங்காக் கண்டுபிடிச்ச டேப் எண்டா இதையெல்லாம் பெருமையாப் பெரிய எழுத்தில போட்டு, உள்ள ஒரு புத்தகமே வச்சு அனுப்புவினம், ஏனெண்டா அந்தக் கதையிலதானே அவையின்ர வியாபாரமே கிடக்கு.

அதால பின்மட்டைப் படம் தராட்டி வாங்காதேங்கோ. பொலித்தீனில வெளிச்சம் அடிக்குதாம், முத்தத்தில மரநிழலில வச்சு எடுத்தா அடிக்காது. திகதி, ஹோல், டேப் ஆரிட்ட இருந்தது, மூண்டையும் கேளுங்கோ, "பழசு ப்ரோ" எண்டு பதில் வந்தா விட்டிட்டு வாங்கோ. காசைப் போடமுன்னம் கைதட்டிற இடம் ரெண்டை வொய்ஸ் மெசேஜில அனுப்பச் சொல்லுங்கோ, நல்ல ரெக்கோடிங்கில கைதட்டல் தகரக்கூரையில மழை பெய்யிற மாதிரி துளி துளியாக் கேக்கும், இதில மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி ஒரே இரைச்சல்.

முல்லைத்தீவு மாஸ்டருக்குப் போன் எடுத்துச் சொன்னனான், அவரும் அதே மட்டையை வாங்கி வச்சிருக்கிறாராம், "எனக்கு வயசு போட்டுது தம்பி, காதுதான் பிழை எண்டு நினைச்சிட்டன்" எண்டார். அவரிட்டையும் விசில் ரெண்டு, இருமல் ஒண்டு.

நேற்று மகளின்ர போனில இருந்து பாத்தன். அதே கறுப்பு மட்டை, அதே நீல சாக்சபோன், இப்ப 26,000. கீழ "கடைசிக் கொப்பி" எண்டு போட்டிருக்கிறார். எனக்கு வித்ததும் கடைசிக் கொப்பிதான்.