எஃப்எஃப்எம்பெக்: நேரம் எழுதிக் கொடுத்தால் வெட்டித் தரும் கத்தரி

எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் நடக்கும் இலக்கியக் கூட்டத்தை ஒளிப்பதிவு செய்து, ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனிக் காணொளியாகப் பிரித்துக் கொடுப்பது நான்கு ஆண்டுகளாக என் பொறுப்பு. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பதிவில் எட்டோ ஒன்பதோ பேச்சுகள் இருக்கும். நடுவே மைக்கைத் தட்டிப் பார்ப்பது, பொன்னாடை போர்த்துவது, தேநீர் இடைவேளை எல்லாம் இருக்கும். எந்தப் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தவிர இந்த எடிட்டிங்கில் முடிவெடுக்க வேறொன்றும் கிடையாது. இதற்காக ஒரு பெரிய மென்பொருளைத் திறந்து, டைம்லைனில் இழுத்து வெட்டி, ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததில் பல ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்தன. இப்போது நேரங்களை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது; மிச்சத்தைக் காணொளிகளை வெட்டவும் ஒட்டவும் மாற்றவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வி.எல்.சி. பிளேயர் வைத்திருப்பவர்கள் இதன் நிரல் தொகுப்புகளை ஏற்கெனவே அறியாமல் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இதற்கு முகம் கிடையாது. பொத்தானோ ஜன்னலோ இல்லாமல் கருப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்பதால், முதல் நாளிலேயே ஓடிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நான் வைத்திருக்கும் கோப்பில் ஒரு பேச்சுக்கு ஒரு வரி. ‘00:41:07 00:52:40 நூல்_அறிமுகம்’ என்றால், தொடக்கம், முடிவு, வெளிவர வேண்டிய கோப்பின் பெயர். டிரைபாட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேமரா காட்டும் நேரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வதால், வீட்டுக்கு வந்து அதைத் தட்டச்சு செய்யக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. பத்து வரிக்குள் அடங்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் தொகுப்பு, அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எஃப்எஃப்எம்பெக்கை ஒரு முறை ஓட்டுகிறது.

முதல் மாதம் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் பத்தரை மணியை 10.30 என்று புள்ளி வைத்து எழுதித்தானே பழக்கம். அதே கையோடு 12 நிமிடம் 30 விநாடியை 12.30 என்று எழுதிவிட்டேன். எஃப்எஃப்எம்பெக்குக்கு அது பன்னிரண்டே கால் விநாடிக்குச் சற்று மேல். எந்த எச்சரிக்கையும் காட்டாமல், வரவேற்புரையின் முதல் வாக்கியத்திலிருந்து துண்டுகளாக நறுக்கி வைத்துவிட்டது. தவறு என்னுடையதுதான், முக்காற்புள்ளியும் புள்ளியும் அதற்கு வேறு வேறு மொழி.

இதன் உண்மையான பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ‘காப்பி’ முறையில் வெட்டச் சொன்னால், காணொளியை மறுபடி குறியாக்கம் செய்யாமல், அதாவது புதிதாகச் சுருக்கிப் பதியாமல், அப்படியே எடுத்து வைக்கும். தரம் துளியும் குறையாது, பத்து நிமிடப் பேச்சு என் பழைய மடிக்கணினியில்கூடச் சில விநாடிகளில் வந்துவிடும். ஆனால் இன்றைய காணொளிகளில் எல்லாச் சட்டகமும் (ஃப்ரேம்) முழுப் படம் அல்ல. இடையிடையே வரும் கீஃப்ரேம் மட்டுமே முழுப் படம். மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருப்பவை. ஆகவே காப்பி முறையில் வெட்டு, நாம் கேட்ட இடத்துக்கு முந்தைய கீஃப்ரேமிலிருந்துதான் தொடங்க முடியும். காணொளியைச் சுருக்கிப் பதியும் எக்ஸ்264 என்ற குறியாக்கி தன் இயல்பு அமைப்பில் ஒரு கீஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 250 சட்டகங்கள் வரை விடும். விநாடிக்கு 25 சட்டகம் என்றால் அது 10 விநாடி. பேச்சாளர் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்பதற்கு முன்னால் ஒருவர் நாற்காலியை இழுக்கும் காட்சியும் சேர்ந்து வருவது இதனால்தான். சில பிளேயர்களில் தொடக்கத்தில் படம் உறைந்து நிற்க, குரல் மட்டும் ஓடும். நாற்காலி வந்தால் வரட்டும் என்று இருக்கும் பதிவுகளுக்குக் காப்பி முறை. இணையத்தில் ஏற்ற வேண்டியவற்றுக்கு மறுகுறியாக்கம் என்று நான் பிரித்துக்கொண்டேன். பின்னதில் வெட்டு சொன்ன சட்டகத்தில் விழும், ஆனால் கணினியை இரவு ஓடவிட்டுத் தூங்கப் போக வேண்டும்.

கட்டளையில் எது முன், எது பின் என்பதிலும் கண்டிப்பு அதிகம். தொடக்க நேரத்தை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னும் முடிவு நேரத்தை அதற்குப் பின்னும் வைத்தால், வெளிவரும் துண்டில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கிவிடும். 10-ஆம் நிமிடத்திலிருந்து 12-ஆம் நிமிடம் வரை கேட்டவருக்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். இரண்டையும் கோப்பின் பெயருக்கு முன்னால் வைத்தால் சிக்கல் தீர்ந்தது. இன்னொன்று இதைவிட வேடிக்கை: எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகை உள்ளீட்டையும் கவனித்துக்கொண்டிருக்கும் என்பதால், ஸ்கிரிப்ட் படிக்க வேண்டிய அடுத்த வரிகளை அதுவே விழுங்கிவிடும். ஒன்பது பேச்சு கேட்ட எனக்கு முதல் பேச்சு மட்டும் வந்து நின்றது. ‘நோஸ்டிடின்’ (-nostdin) என்ற ஒரே சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் இது சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

ஒட்டுவதற்கும் டெக்ஸ்ட் கோப்புதான். என் கேமரா 4 ஜி.பி. ஆனதும் பதிவை முறித்துப் புதிய கோப்பு தொடங்கிவிடும். பேச்சு பாதியில் அறுந்து நிற்கும். கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி ‘கான்கேட்’ வசதியிடம் கொடுத்தால் ஒன்றாக்கித் தருகிறது. அதன் பிறகே நேரம் பார்த்து வெட்டுகிறேன். மௌனத்தைத் தேடிப் பட்டியலிடும் ‘சைலன்ஸ்டிடெக்ட்’ வடிகட்டியும் உண்டு. இரண்டு விநாடி மௌனத்தை மைனஸ் 60 டெசிபல் என்ற மிக மெல்லிய ஒலி அளவில் தேடுவது அதன் இயல்பு அமைப்பு. எங்கள் நூலக மின்விசிறிகளுக்குக் கீழே அப்படியொரு மௌனம் கிடையவே கிடையாது. மைனஸ் 30-க்கு மாற்றிய பிறகு, கவிதை வாசித்தவர் வரிக்கு வரி விட்ட இடைவெளியை எல்லாம் மௌனக் கணக்கில் எழுதியது. அந்த வசதியை அத்தோடு விட்டுவிட்டேன். நோட்டும் பேனாவும் போதும்.

கட்டளை என்றாலே கை நடுங்குகிறவர்கள் லாஸ்லெஸ்கட் என்ற ஜன்னலும் பொத்தானும் உள்ள மென்பொருளைப் பார்க்கலாம். உள்ளே ஓடுவது இதே எஃப்எஃப்எம்பெக்தான். கண்ணால் பார்த்துக் குறிக்கலாம், சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பிலிருந்து நேரங்களை ஏற்றவும் செய்யலாம். மாதம் ஒரு காணொளி வெட்டுகிறவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். வண்ணம் திருத்த வேண்டும், பாட்டு சேர்க்க வேண்டும், திருமண ஆல்பம் போல மின்ன வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டும் உதவாது.

சென்ற மாதம் தலைமை தாங்கிய பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, என் பேச்சு முடிஞ்சதுக்கப்புறம் கேள்வி-பதில் நடந்துதே, அதையும் சேர்த்துக் கொடுத்துடுங்க” என்றார். அவர் பெயர் இருந்த வரியில் 01:58:10 என்பதை 02:09:45 என்று மாற்றினேன். அந்த ஒரு வரியை மட்டும் காப்பி முறையில் ஓட்டினேன். அவர் பேரனுடைய வாட்ஸாப்புக்கு இணைப்பு போய்ச் சேர்ந்தபோது என் தேநீர் ஆறியிருக்கவில்லை.