கார்பனா, மரக்கட்டையா? வீட்டில் செய்யும் ட்ரோனுக்கு எந்த ஃப்ரேம்

ட்ரோன் ஃப்ரேம் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது "எது உடையாது?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எது விறைப்பாக நிற்கும் என்பது. மோட்டாரைத் தாங்கும் ஃப்ரேமின் கை லேசாக ஆடினாலும் அந்த அதிர்வு, ட்ரோன் திரும்புவதை உணரும் கைரோ சென்சாருக்குப் போய்விடும். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் அதை ட்ரோனின் அசைவென்று எடுத்துக்கொண்டு மோட்டார்களை ஓயாமல் திருத்தும். மோட்டார் சூடேறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். 10 இன்ச் ப்ரொப்பெல்லர் போடும் 450 மி.மீ. குவாடை (நான்கு மோட்டார் ட்ரோன்; மூலைக்கு மூலை மோட்டார்களுக்கு இடையே 450 மி.மீ.) மனத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

விறைப்பில் கார்பன் ஃபைபர் தகடுதான் முன்னால் நிற்கிறது. அடர்த்தி அலுமினியத்தைவிட வெகு குறைவு, விறைப்போ கிட்டத்தட்ட அதே அளவு. 5 இன்ச் ரேஸிங் குவாடுக்கும், மொத்த எடையை 250 கிராமுக்குள் அடக்க வேண்டிய சின்ன ட்ரோனுக்கும் வேறெதையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மின்சாரம் கடத்தும். தோல் உரிந்த ஒரு பேட்டரி ஒயர் ஃப்ரேமில் உரசினால் ஷார்ட்தான். ரேடியோ அலையையும் மறைக்கும் என்பதால் ஆன்டெனாவும் ஜிபிஎஸ்ஸும் தகட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டில் அறுப்பதானால் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டுக்கொண்டே, மாஸ்க் போட்டுத்தான் அறுக்க வேண்டும்.

எலக்ட்ரிக்கல் இன்சுலேஷனுக்கு விற்கும் ஜி-10 கிளாஸ் எபாக்ஸி ஷீட்டில் ஷார்ட் பயமும் இல்லை, சிக்னல் தொல்லையும் இல்லை. தூசிக்கு மட்டும் அதே கவனம் வேண்டும். கார்பனைவிடக் கொஞ்சம் கனம், விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நீளமான கைக்கு இது தொய்யும். கைகள் வந்து சேரும் நடுத்தகட்டுக்கோ நீளம் குறைவு, திருகுத் துளைகள் அதிகம். அங்கே இதற்கு இணை இல்லை. ட்ரோன் நிறுவனமான டிஜேஐயின் எஃப்450 ஃப்ரேமும் நடுத்தகட்டுக்குக் கிளாஸ் எபாக்ஸி போர்டையே வைத்து, மின் இணைப்புகளையும் கீழ்த்தகட்டிலேயே பதித்திருக்கிறது. கைகள் மட்டும் கண்ணாடி இழை கலந்த நைலான்.

இனி கைகள். அலுமினியம் செக்‌ஷன் கடையில் கிடைக்கும் 12 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 1 மி.மீ., 20 செ.மீ. நீளம் எடுத்தால் சுமார் 24 கிராம். அதே அளவில் தேக்கு ரீப்பர் கிட்டத்தட்ட 19 கிராம். விறைப்பில் குழாய் ஏறக்குறைய மூன்று மடங்கு. கணக்கு அலுமினியத்தின் பக்கம்தான் சாய்கிறது, ஆனாலும் நான் மரத்தையே எடுப்பேன். அலுமினியம் மோட்டாரின் அதிர்வை அடக்காமல் அப்படியே கன்ட்ரோலர் வரை கொண்டுவரும், மரம் வழியிலேயே உறிஞ்சிக்கொள்ளும். விழுந்தால் அலுமினியம் வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். ஒரு மோட்டார் இம்மி சாய்ந்தாலும் ட்ரோன் தன்னைத்தானே திருப்பப் பார்க்கும், காரணமோ கண்ணுக்குத் தெரியாது. மரம் முறிந்தால் முறிந்ததுதான், உடனே தெரியும். கையை மாற்றிவிட்டுப் பறக்கலாம். ஸ்வீடனில் சொந்தமாக ட்ரோன் செய்யும் டேவிட் விண்டெஸ்டால் தன் ட்ரைகாப்டர்களுக்கு (மூன்று மோட்டார் ட்ரோன்) சதுர மரக்கைகளைப் போட்டதில் நல்ல யோசனை இருக்கிறது.

மரத்தைக் குறைவாக எடைபோடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஒரே எடைக்கு வெட்டினால் பிர்ச் பிளைவுட் கார்பனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனாக வரும். அப்படி வெட்டிய தகடு வளைப்பில் கார்பனையே மிஞ்சிவிடும். திருகை இறுக்கும் இடத்தில்தான் அது நசுங்கும். பெரிய வாஷர் போட்டால் சமாளிக்கலாம்.

3டி பிரிண்டில் எடுத்த கைகளை இந்த அளவுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகில் இளகும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தாலே கை கோணிப்போகலாம். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கினாலும் தொய்வு அதிகம். கேமரா மவுன்ட், ஆன்டெனா பிடி, இறங்குகால் ஆகியவற்றுக்கு பிரிண்டர் போதும்.

ஆக, ஜி-10 நடுத்தகடு, மரக்கை. கட்டையில் கணு இருக்கக் கூடாது, நார் நுனியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். ஈரம் ஏறாமலிருக்க வார்னிஷ் இரண்டு கோட் அடியுங்கள். ஒரே ரீப்பரிலிருந்து ஆறு கைகள் அறுத்து, ஆறுக்கும் துளை போட்டு, நான்கைப் பூட்டிவிட்டு இரண்டைப் பையில் வையுங்கள்.