கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் சூட்டை மட்டுமே கவனிக்கிறோம். முகப்பில் இருக்கும் முள்ளும் அதைத்தான் காட்டுகிறது. கியர்பாக்ஸ் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பல கார்கள் சொல்வதே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, அந்த எண்ணைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கூலர் யோசனையே வந்தது.

சமவெளியில் சீரான வேகத்தில் போகும்போது 85, 90 டிகிரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்களும் மூட்டைகளுமாக மலை ஏறும்போது முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தால், எண் 110ஐத் தாண்டி 120ஐ எட்டிப் பார்க்கும். வெப்பத்துக்குப் பிறப்பிடம், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர். அதற்குள் எஞ்சின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வீச, அந்த வீச்சில் கியர் பக்கத்துச் சக்கரம் சுழல்கிறது. இரண்டின் வேகமும் ஒத்துப்போகாதபோது வீணாகும் ஆற்றல் முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஊர்ந்து ஏறும்போது அந்தப் பூட்டு விழுவதில்லை. 120 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வெந்தால் ஆயில் கருக்கும், ரப்பர் சீல்கள் இறுகும், வால்வுகளில் பிசுக்குப் படியும்.

காரோடு வரும் கூலர் என்ன செய்கிறது என்று கேட்கலாம். ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள்ளோ கியர்பாக்ஸின் மேல் சிறு பெட்டியாகவோ அது இருக்கும். ஆனால் அது நம்பியிருப்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை. தன்னைத் தொட்டு ஓடும் கூலன்ட்டின் சூட்டுக்குக் கீழே ஆயிலை இறக்க அதற்கு வழியில்லை. மலையில் கூலன்ட்டும் சேர்ந்து சூடாகிறது. காற்றில் குளிரும் தனிக் கூலருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பழைய கூலரைக் கழற்றவில்லை. ரேடியேட்டரிலிருந்து ஆயில் வெளியே வந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் புதியதை இணைத்தோம். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால், தகடுகள் அடுக்கிய வகைக் கூலர். எது கியர்பாக்ஸிலிருந்து போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்பதை மெக்கானிக் கண்டுபிடித்த விதம் எளிமையானது: ஆறிக் கிடந்த காரை ஸ்டார்ட் செய்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார், முதலில் சூடேறியது போகும் குழாய். கண்டென்சர் தகடுகளுக்கு ஊடாகப் பிளாஸ்டிக் பட்டையைக் கோத்துக் கட்டும் வழக்கம் இருக்கிறது. அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதிர்வில் அந்தப் பட்டை கண்டென்சரையே அறுத்துவிடும். இரும்புச் சட்டம் வைத்துத்தான் பொருத்தினோம்.

கடைகளில் கூலரின் அளவைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கேட்டால் அளவைவிடத் தெர்மோஸ்டாட்தான் முக்கியம். ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை கூலருக்குள் அதிகம் போகவிடாமல் திருப்பிவிடும் சிறு வால்வு அது. ஆயில் கெட்டியாக இருந்தால் கியர் மாறுவது மந்தமாகும். பல கார்களில் ஆயில் சூடேறும்வரை லாக்-அப்பும் விழாது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். குளிர்விக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு சூடேற்றுவதைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கைதான். ஆனாலும் அந்த வால்வு இல்லாத கூலரை நான் வாங்கமாட்டேன்.

பலன் என்ன? அதே ஏற்றத்தில், அதே சுமையோடு இப்போது 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஏற்றம் முடிந்ததும் எண் இறங்கும் வேகம். முன்பு சமதளத்துக்கு வந்த பிறகும் சூடு பிடிவாதமாக நிற்கும். இப்போது மளமளவென்று இறங்கிவிடுகிறது. கியர் மாறும் விதத்தில் மாற்றம் எதுவும் இல்லை. வண்டி புதிதுபோல் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நெரிசலில் நிற்கும்போது மட்டும் இதன் கை ஓங்குவதில்லை. காற்று வீசினால்தானே குளிரும்? என் காரில் ரேடியேட்டர் விசிறி கூலன்ட் சூட்டையும் ஏசியையும் பார்த்துத்தான் சுழல்கிறது. கியர் ஆயில் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. ஏசியைப் போட்டால் விசிறி சுழன்று, முன்னால் இருக்கும் கூலர் வழியாகவும் காற்றை இழுக்கிறது. ஏசி எஞ்சினுக்குச் சுமை என்பதால் அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள், நின்ற இடத்தில் ஏசியைப் போட்டு எண்ணைப் பார்க்கலாம்.

பராமரிப்பில் கவனிக்கவேண்டியது ஹோஸ்தான். சூடான கியர் ஆயிலைத் தாங்குவதற்கென்றே செய்த ஹோஸ் வேண்டும். பெட்ரோல் ஹோஸைப் போட்டு ஒப்பேற்றக்கூடாது. இரண்டாம் ஆண்டில் ஒரு கிளாம்ப் அருகே தூசி மட்டும் கருமையாகப் படிந்திருந்தது. வெள்ளைத் தாளைச் சுற்றித் துடைத்தபோது மெல்லிய சிவப்பு வளையம் பதிந்தது. சொட்டவில்லை, கசிந்திருக்கிறது. ரப்பர் சற்றே அமுங்கியதால் பிடி தளர்ந்திருக்கிறது. கிளாம்பை இறுக்கியதும் நின்றது. அதன் பிறகு சர்வீசின்போதெல்லாம் அந்தத் தாள் சோதனை நடக்கிறது.

ஆயில் மாற்றும்போது கூலரும் ஹோஸும் பிடித்து வைத்திருக்கும் ஆயிலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அளவைத் தயாரிப்பாளர் சொல்லும் சூட்டில்தான் பார்க்கவேண்டும். போன முறை வடித்த ஆயில் கருத்துப்போகாமல், தீய்ந்த வாடையில்லாமல் சிவப்பு மாறாதிருந்தது.

மலைப்பக்கம் போகாமல், சுமை இழுக்காமல், நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கு இது வேண்டியதில்லை. வாரண்டி முடியாத காரென்றால், குழாயில் கைவைக்கும் முன், வாரண்டி பாதிக்காது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்திவிட்டால், கார் கழுவுமிடத்தில் அழுத்த நீரை முன்பக்கம் நேராகப் பாய்ச்சவிடாதீர்கள். கூலரின் மெல்லிய இதழ்கள் மடங்கிக் காற்றுவழி அடைபடும்.