‘ரெண்டு வீடு யூஸ் பண்றீங்க, அதான் நெட் ஸ்லோ’ன்னு வைஃபை பூஸ்டர் விற்க வர்றாங்களா? வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

லோக்கல் ஏஜென்ட் மூலமா ஃபைபர் நெட் போட்டு, அதை எதிர் வீட்டோடயோ மாடி வீட்டோடயோ பங்கு போட்டுக்கிறவங்களுக்காக எழுதறேன். நம்மள மாதிரி ஆளுங்களைத்தான் குறி வைக்கறாங்க. காரணத்தைக் கீழே சொல்றேன்.

பல்லாவரம் பக்கம் எங்க ஃபிளாட். நானும் எதிர் வீட்டு அக்காவும் சேர்ந்து ஒரே கனெக்‌ஷன். 100 எம்பிபிஎஸ் பிளான், மாசம் 699, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா 825 ரூபாய். ஆளுக்குப் பாதி. ஆறு மாசப் பணத்தை மொத்தமா ஏஜென்ட்டோட சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணுவோம். ரசீதுன்னு வர்றது வாட்ஸ்அப்பில் ‘ரிசீவ்டு மேடம்’, கூட ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

சாயங்காலமானா அக்கா பையனோட ஆன்லைன் கிளாஸ் நின்னு நின்னு வரும். எங்க வீட்டிலயும் வேகம் சுமார்தான். ஏஜென்ட்டைக் கூப்பிட்டா, வந்ததும் முதல் வார்த்தை: “ரெண்டு வீடு ஓட்டறீங்களே மேடம், எப்படி வரும்?” ஸ்பீட் டெஸ்ட்ல 35தான் காட்டுதுன்னேன். “100ன்னா அதை எட்டால வகுக்கணும். 12தான் கணக்கு. உங்களுக்கு அதுக்கு மேலயே வருது” அப்படின்னார்.

இந்த இடத்தைக் கவனிங்க. எட்டால வகுக்கறது ஃபைல் டவுன்லோடு ஆகும்போது காட்டுமே, அந்த எம்பி (மெகாபைட்) கணக்குக்கு; எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். ஸ்பீட் டெஸ்ட் காட்டறது எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்), பிளான்ல போட்டிருக்கறதும் எம்பிபிஎஸ். அங்கே வகுக்கற வேலையே கிடையாது. பாதி உண்மையைச் சொல்லி வாயை அடைக்கறதுல ஆள் கெட்டிக்காரர்.

அப்புறம் பையிலேர்ந்து ஒரு வெள்ளை டப்பா எடுத்தார். ரெண்டு கொம்பு, முன்னாடி ‘300’னு ஒரு ஸ்டிக்கர். பூஸ்டராம், 2,800 ரூபாய். அக்கா வீட்டு ஹால் பிளக்ல சொருகி, அக்கா போனை வாங்கிக் காட்டினார்: “பாருங்கக்கா, ஃபுல் சிக்னல்!” நிஜமாவே ஃபுல்லாத்தான் இருந்தது. பில் கேட்டோம், அனுப்பறேன்னார். இன்னும் அனுப்பிட்டிருக்கார்.

அன்னைக்கு ராத்திரியே டெஸ்ட் பண்ணிப் பார்த்தா அக்கா வீட்டில் வேகம் முன்னைவிடக் குறைச்சல். காரணம் ரொம்ப எளிசு. அந்த டப்பா 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ங்கற வைஃபை அலைவரிசையை மட்டும் பிடிக்கற சாதா ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பி அனுப்பணும்கறதால பாதி வேகம் அங்கேயே போயிடும். போதாக்குறைக்கு 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். ஃபிளாட்டில் இருக்கற எல்லா ரூட்டரும் அதிலேயேதான் முட்டிக்குது. போன்ல தெரியற கோடு, நமக்கும் அந்த டப்பாவுக்கும் நடுவில் இருக்கற சிக்னலை மட்டும்தான் காட்டும். டப்பாவுக்கு எவ்வளவு நெட் வருதுன்னு அதுக்குத் தெரியாது.

இதுகூட பரவாயில்லை. ஊர்லேர்ந்து வந்த என் தம்பி, எல்லார் வைஃபையையும் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளால நேரா மோடத்தில் மாட்டினான். 39. திரும்பத் திரும்ப 39தான். “அக்கா, 100 பிளான்னா கேபிள்ல 90க்கு மேல வரணும். இது வைஃபை பிரச்சினையே இல்லை”ன்னான்.

கம்பெனி ஆப்ல போய்ப் பார்க்கலாம்னா ஓடிபி வரலை. மோடத்துக்கு அடியில் ஒட்டியிருந்த கஸ்டமர் ஐடியை வச்சு கஸ்டமர் கேருக்குப் போட்டேன். என் பேர்ல இருக்கற கனெக்‌ஷனுக்குப் பதிவான மொபைல் நம்பர் ஏஜென்ட்டோடது! பிளான்? 40 எம்பிபிஎஸ், மாசம் 399. வரியோட 471. எங்ககிட்ட வாங்கினது 825. மாசம் 354 ரூபாய், ஆறு மாசத்துக்கு 2,124. பிளான் விவரம், பில், ரினியூவல் மெசேஜ் எல்லாம் அவர் போனுக்கே போனதால நமக்கு எதுவும் தெரியாது.

போன் பண்ணிக் கேட்டேன். குரலே மாறிடுச்சு. “பக்கத்து வீட்டுக்கு லைன் கொடுக்கறீங்கன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா கட் பண்ணிடுவான், பரவாயில்லையா?” இதுதான் நான் மேலே சொன்ன காரணம். வீட்டுக்கு வெளியே பங்கு போடக்கூடாதுன்னு பல கம்பெனி விதியில் இருக்கு. அந்தப் பயத்தில் புகார் பண்ண மாட்டோம்னு கணக்குப் போட்டுத்தான் விளையாடறாங்க.

நான் புகார் பண்ணேன். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ‘100 பிளான்’னு அவரே போட்ட வாட்ஸ்அப் மெசேஜ், கேபிள் டெஸ்ட் படம் மூணும் வச்சிருந்தேன். முதல்ல கஸ்டமர் கேர்ல புகார் எண் வாங்கணும். பதில் சரியில்லைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிப்பட்ட புகாரை விசாரிக்காது, அங்கே எழுதி நேரத்தை வீணாக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். டெலிகாம் வழக்கை அங்கே விசாரிக்கக்கூடாதுன்னு கம்பெனிகள் வாதாடிட்டு இருந்ததை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிடுச்சு.

எனக்கு மேல்முறையீட்டோட முடிஞ்சது. நம்பரை மாத்திக் கொடுத்தாங்க, 2,124 ரூபாயை ஏஜென்ட் முணுமுணுத்துக்கிட்டே திருப்பி அனுப்பினார். லைனை யாரும் கட் பண்ணலை. அக்கா தனி கனெக்‌ஷன் போட்டுட்டாங்க. பாதிப் பங்குக்கு 412 கொடுத்துட்டிருந்தவங்களுக்கு 40 எம்பிபிஎஸ் தனியாவே 471தான், அதாவது 59 ரூபாய் கூட. சேர்ந்து ஓட்டித்தான் ஆகணும்னா, ரூட்டர்லேர்ந்து பக்கத்து வீட்டுக்கு நல்ல லேன் கேபிள் இழுத்து, அங்கே ஒரு பழைய ரூட்டரை அக்சஸ் பாயிண்ட்டா, அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா கொடுக்கற மாதிரி மாட்டுங்க. எந்தப் பூஸ்டரும் அதுக்குக் கிட்ட வராது.

2,800 மட்டும் திரும்பலை. பில் இல்லாததால கம்பெனி ‘அது எங்க பொருள் இல்லை’ன்னு கை கழுவிடுச்சு. அதே டப்பா வேற ஸ்டிக்கரோட ஆன்லைன்ல 900 ரூபாய்க்குக் கிடைக்குது. இப்போ அடுத்த தெருவில் 3,200ன்னு விக்கறாராம். வெள்ளைக் கலர், ரெண்டு கொம்பு, ‘300’ ஸ்டிக்கர்.